எம்டனைத் தாளில் கட்டுவது எப்படி: எலும்புக்கூடு முதல் கொடி வரை

சேட்டைக்காரப் பிள்ளையைக் கண்டால் என் ஆச்சி சொல்வாள்: "ஏல, நீ சரியான எம்டன்ல!" எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது வெகுநாள் கழித்துத்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைக்கு எதிரே இருட்டில் வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. சுட்டது சுமார் 130 குண்டுகள். அதற்குப் பயந்து சென்னையிலிருந்து ஏராளமான பேர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள். கப்பல் போய்விட்டது, பெயர் தமிழில் தங்கிவிட்டது.

அந்தக் கப்பலை உங்கள் மேசை மேல் தாளில் கட்டுவது எப்படி என்று முழுதாகச் சொல்கிறேன். முதல் முறை கட்டுகிறவர், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதம் ஆகும். அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிவராது.

தாள் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் கிடைக்காதவர்கள் செய்யும் ஏழைப் பொழுதுபோக்கு என்று இதை நினைக்காதீர்கள். அந்தக் காலத்துப் போர்க்கப்பலே தகட்டால் ஆனதுதான். டான்சிக் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் எம்டனைக் கட்டியவர்கள் அடியில் ஏரா என்னும் முதுகெலும்பை நீட்டினார்கள், விலாச்சட்டங்களை வரிசையாக நிறுத்தினார்கள், அதன் மேல் எஃகுத் தகடுகளை வளைத்துப் பொருத்தினார்கள். 1908 மே மாதம் அதைத் தண்ணீரில் இறக்கினார்கள். தகடு ஒரு பக்கமாக நன்றாக வளையும். ஒரே நேரத்தில் இரண்டு பக்கமாக வளை என்றால் முரண்டு பிடிக்கும். தாளுக்கும் அச்சு அசல் அதே குணம். கப்பலின் தகடு எங்கே சேர்கிறது, எங்கே மடிகிறது என்பதைத் தாளில் கட்டும்போதுதான் கைக்குத் தெரியும். தூத்துக்குடியில் தோணி கட்டுவதை நின்று பார்த்தவர்களுக்கு இந்த வரிசை புதிதாகவே இருக்காது. கடற்கரையில் கப்பலின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், சுருக்கமாக இருக்கும்.

எந்த அளவில் கட்டலாம்?

எம்டனின் நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர். இதை 250ஆல் வகுத்தால் மாதிரியின் நீளம் 47.3 சென்டிமீட்டர், அகலம் 5.4 சென்டிமீட்டர். ஜெர்மன் தாள் மாதிரிக் கப்பல்களில் நெடுங்காலமாகப் புழங்கும் அளவு இந்த 1:250தான். போலந்துக்காரர்களுக்கு 1:200 பிடிக்கும். அதில் எம்டன் 59 சென்டிமீட்டர் வரும். சிறிதாக வேண்டும் என்று 1:400க்குப் போனால் 29.6 சென்டிமீட்டர், ஒரு ஏ4 தாளின் நீளம்தான். சிறிதாக இருப்பதால் சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். 1:400இல் ஒரு மாலுமி 4 மில்லிமீட்டர்தான் இருப்பார், அவர் பிடித்து நிற்கிற கம்பி வேலியை நினைத்துப் பாருங்கள். முதல் கப்பலுக்கு 1:250 எடுங்கள்.

அடுத்து, முழு உடலா, நீர்மட்டம் வரையா என்று முடிவு செய்ய வேண்டும். எம்டன் தண்ணீருக்குள் சுமார் 5.5 மீட்டர் மூழ்கி நிற்கும். 1:250இல் அது 22 மில்லிமீட்டர். இந்த 22 மில்லிமீட்டரில்தான் கப்பலின் கடினமான வளைவெல்லாம் இருக்கிறது. அமரத்தின் அடியில் தகடு இரண்டு பக்கமாகவும் வளைகிற இடத்தில் பழகிய கைகளே தடுமாறும். அதனால் முதல் முறை நீர்மட்டம் வரை மட்டும் கட்டுங்கள். கப்பல் தட்டையான அடியில் நிற்கும், கடலில் மிதப்பது போலவே தெரியும்.

நிறத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். முதல் உலகப் போருக்கு முன் சீனக் கரையில் சிங்டாவோ துறைமுகத்தில் இருந்த எம்டன் வெள்ளை உடலும் மஞ்சள் கலந்த புகைக்கூண்டுமாக அழகாக இருக்கும். 'கிழக்கின் அன்னம்' என்றே அதற்குப் பெயர். போர் வந்ததும் முழுக்கச் சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். சென்னைக்கு வந்தது சாம்பல் எம்டன்தான். வெள்ளைக் கப்பலில் ஒரு சொட்டுப் பசை வழிந்தாலும், விரல் ரேகை பட்டாலும் காலத்துக்கும் தெரியும். சாம்பல் மன்னிக்கும். நான் இரண்டும் கட்டியிருக்கிறேன், முதலில் சாம்பலைத்தான் கட்டச் சொல்வேன்.

அச்சிடும்போது ஒரு எச்சரிக்கை

வரைபடத்தை அச்சிட்ட தொகுப்பாகவும் வாங்கலாம், காசு கொடுத்துப் பதிவிறக்கும் கோப்பாகவும் வாங்கலாம். கோப்பு என்றால் அச்சிடும் இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். கணினியில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்று ஒரு அமைப்பு இருக்கும். அது இருந்தால் பக்கத்தை 97 சதவீதம், 95 சதவீதம் என்று தானே சுருக்கிவிடும். என் இரண்டாவது கப்பலில் பாதிப் பக்கங்களை ஒரு கடையிலும் மீதியை வேறொரு கடையிலும் அச்சிட்டேன். ஒன்றில் முழு அளவு, மற்றொன்றில் சுருங்கிய அளவு. எலும்புக்கூடு கட்டி முடித்து மேல்தளத்தை வைத்துப் பார்த்தால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் எட்டவில்லை. இரண்டு வார வேலை வீண். அதனால் கடைக்காரரிடம் 'நூறு சதவீதம்' என்று சொல்லி, முதல் பக்கம் மட்டும் எடுத்து, அதில் இருக்கும் அளவுக் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு அப்புறம் மற்றதை எடுங்கள். 10 சென்டிமீட்டர் கோடு 10 சென்டிமீட்டராகத்தான் இருக்க வேண்டும், 9.9 ஆகாது. எல்லாப் பக்கத்தையும் ஒரே கடையில், ஒரே இயந்திரத்தில் எடுங்கள். சாம்பல் நிறம் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

1:200 வரைபடம்தான் கிடைத்தது, 1:250 வேண்டும் என்றால் 80 சதவீதத்தில் அச்சிடலாம். 1:250ஐ 1:400 ஆக்க 62.5 சதவீதம். ஆனால் தாளின் கனம் இப்படிச் சுருங்காது என்பதை மறக்காதீர்கள். 1 மில்லிமீட்டர் அட்டைக்காக வரைந்த வெட்டுப்பள்ளம் 62.5 சதவீதத்தில் 0.6 மில்லிமீட்டர்தான் இருக்கும். அட்டையையும் மெலிதாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று இறங்காது.

லேசர் அச்சா, இங்க்ஜெட் அச்சா? லேசர். இங்க்ஜெட் மை பசையின் ஈரத்துக்கே கலங்கும். லேசரில் மடிப்பு விழும் இடத்தில் மை உரிந்து வெள்ளை தெரியும் என்பது உண்மைதான், அதை வண்ணப் பென்சிலால் சரிசெய்துகொள்ளலாம். அச்சிட்டதும் பளபளப்பில்லாத வார்னிஷ் ஸ்பிரேயை மெலிதாக ஒரு முறை அடித்து ஒரு நாள் காயவிடுங்கள். மாடியிலோ முற்றத்திலோ வைத்து அடியுங்கள், வீட்டுக்குள் நெடி தாங்காது.

என்னென்ன வேண்டும்?

உடலுக்கும் மேற்கட்டுமானத்துக்கும் 160 முதல் 200 ஜிஎஸ்எம் தாள் (ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). சின்ன உறுப்புகளுக்குச் சாதாரண 80 ஜிஎஸ்எம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களில் நல்ல வழவழப்பான அட்டையின் ஓரங்களை வெட்டிக் குப்பையில் போடுவார்கள். பாளையங்கோட்டையில் நான் கேட்ட அச்சகக்காரர், "என்ன அண்ணாச்சி, கப்பலா செய்யப் போறிய? ஓரத் துண்டெல்லாம் உங்களுக்குத்தான், எடுத்துக்கிடுங்க" என்று ஒரு பை நிறையக் கொடுத்தார். கையால் செய்யும் சின்ன உறுப்புகளுக்கு அது அருமையான சரக்கு.

எலும்புக்கூட்டுக்கு என் தேர்வு தினசரி காலண்டர் அட்டை. சிவகாசியில் அச்சாகி நம் வீட்டுச் சுவரில் ஒரு வருஷம் தொங்கி, மார்கழி முடிந்ததும் கழற்றி வைக்கும் அதே அட்டைதான். தேதித் தாள் கிழிந்து தீர்ந்த பிறகும் அட்டை விறைப்பாக இருக்கும். ஆனால் எல்லாக் காலண்டரும் ஒரே கனம் இல்லை. ஒரு அட்டையிலிருந்து பத்துச் சின்னத் துண்டு வெட்டி அடுக்கி, அடுக்கின் உயரத்தை அளந்து பத்தால் வகுத்தால் சரியான கனம் தெரியும். சுவரில் தொங்கும்போதே வளைந்துபோன அட்டையை எடுக்காதீர்கள். அதைத் திருப்பி நேராக்க முடியாது.

வெட்டுவதற்கு ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கட்டர் அட்டைக்குப் போதும். தாளுக்கு மெடிக்கலில் கிடைக்கும் 11ஆம் எண் சர்ஜிக்கல் பிளேடும், அதற்குரிய 3ஆம் எண் கைப்பிடியும் வாங்குங்கள். அந்தக் கூர் முனை ஜன்னல் ஓட்டைகளை வெட்டும்போது உயிர். பிள்ளைகள் கூட இருந்தால் பிளேடை மட்டும் நீங்கள் பிடியுங்கள், ஒட்டுவதை அவர்களிடம் விடுங்கள். அப்புறம் ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் மேட், நுனி கூரான இடுக்கி, பற்குச்சி, உல்லன் பின்னும் ஊசி இரண்டு மூன்று தடிமனில், தென்னை ஈர்க்கு, தையல் நூல், வண்ணப் பென்சில்.

பசை விஷயத்தில் மைதாப் பசை வேண்டவே வேண்டாம். மாவுப் பசை இருக்கும் தாளை இராமபாணப் பூச்சி தேடி வந்து தின்னும், கரப்பானும் கூடவே வரும். பெவிகால் போதும். ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் பட்டால் தாள் ஊதும், காய்ந்தால் இழுக்கும். நம் வேலையில் பாதிச் சங்கடம் இதிலிருந்து வருவதுதான். ஒரு மூடியில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிஷம் திறந்து வைத்துக் கெட்டியாக்கி, பற்குச்சி நுனியில் தொட்டுப் போடுங்கள். உடனடியாகப் பிடிக்க வேண்டிய மிகச் சின்ன உறுப்புக்கு மட்டும் பெவிக்விக். தாளுக்குள் ஊறி அதைக் கண்ணாடி போல விறைப்பாக்கிவிடும் என்பதால் பெரிய இடத்தில் தொடாதீர்கள்.

எப்போது தொடங்கலாம்?

நம் ஊரில் இதையும் யோசிக்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று ஜன்னலைத் திறந்தால் மேசையில் ஒரு உறுப்பைக்கூட விட்டுவைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழவென்று ஆகிவிடும், அப்போது ஒட்டிய உடல் தை மாதம் காய்ந்ததும் இழுத்துக்கொண்டு முறுக்கும். சித்திரை வெயிலில் பற்குச்சியில் தொட்ட பசை தாளில் படுவதற்குள் தோல் கட்டும். எலும்புக்கூட்டையும் உடலையும் தை, மாசியில் முடித்துவிடுங்கள். சின்ன உறுப்புகளை எந்த மாதமும் செய்யலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள், வியர்க்கும், கைத்துண்டு பக்கத்தில் இருக்கட்டும். வியர்வைக் கை சாம்பல் நிறத்திலும் தடம் விடும்.

எலும்புக்கூடு

முழுக் கப்பலும் இதன் மேல்தான் நிற்கப்போகிறது. இங்கே செய்யும் ஒரு மில்லிமீட்டர் பிசகு பாய்மர உச்சியில் ஒரு சென்டிமீட்டராகத் தெரியும். மூன்று மாதத்தில் மூன்று வாரத்தை இதற்கே கொடுங்கள்.

எலும்புக்கூட்டுப் பக்கங்களை வெட்டாமல் அப்படியே காலண்டர் அட்டையில் ஒட்டுங்கள். அட்டையின் ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது அந்தப் பக்கமாக வளையும். பின்பக்கமும் ஒரு வெற்றுத் தாளை அதே நேரத்தில் ஒட்டினால் இரண்டு பக்கமும் சமமாக இழுத்து அட்டை நேராக நிற்கும். காலண்டரின் படத்தாள் வழவழப்பாக இருந்தால் முதலில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், பசை பிடிக்கும். பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, மேலே ஒரு பலகை, அதன் மேல் அம்மிக்கல். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே இருக்கட்டும். முழுதாகக் காய இரண்டு நாள்.

வெட்டும்போது ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். லேசாக நான்கைந்து முறை இழுங்கள். உள்ளே இருக்கும் பள்ளங்களை முதலில் வெட்டிவிட்டு வெளி ஓரத்தைக் கடைசியாக வெட்டுங்கள், பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். பள்ளத்தைக் கோட்டுக்கு உள்பக்கமாகவே வெட்டி, சட்டத்தை இறக்கிப் பார்த்து, இறுக்கமாக இருந்தால் ஒரு மயிரிழை சீவுங்கள். சட்டம் தானாக விழுந்துவிடும் அளவுக்கு அகலமாகிவிட்டால் அது ஆடிக்கொண்டே இருக்கும்.

சேர்க்கும் இடம் முற்றிலும் சமமாக இருக்க வேண்டும். சமையலறைக் கடப்பாக்கல் கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் பல வீடுகளில் மேடு பள்ளம் இருக்கும். நான் ஒரு கனமான கண்ணாடித் துண்டைக் கடையில் வெட்டி வாங்கி, அதன் ஓரத்தை மழுக்கிக்கொண்டேன். நீர்மட்ட அடித்தளத்தைக் கண்ணாடி மேல் செலோ டேப்பால் ஓரங்களில் பிடித்து வையுங்கள். அதன் நடுவில் நீளச் சட்டத்தை நிறுத்துங்கள். 47 சென்டிமீட்டர் நீளம் ஏ4 தாளில் அடங்காது, ஏ3 தாளிலும் அடங்காது. அதனால் அடித்தளமும் நீளச் சட்டமும் இரண்டு மூன்று துண்டாகத்தான் வரும். அடித்தளத்தின் இணைப்பும் நீளச் சட்டத்தின் இணைப்பும் ஒரே இடத்தில் விழுந்தால் கப்பல் அங்கே ஒடியும். அப்படி விழுந்தால் பின்னால் ஒரு அட்டைப் பட்டை கொடுத்து வலுவாக்குங்கள்.

குறுக்குச் சட்டங்களைப் பசையில்லாமல் எல்லாவற்றையும் மாட்டிப் பாருங்கள். அணியத்திலிருந்து அமரம் வரை ஒரு நூலை நடுக்கோட்டின் மேல் இழுத்துப் பிடித்து மேலிருந்து ஒரே கண்ணால் பாருங்கள். நீளச் சட்டம் நூலுக்குக் கீழே மறைய வேண்டும். மறைந்தால்தான் பசை. நடுவிலிருந்து தொடங்கி ஒரு சட்டம் அணியப் பக்கம், ஒரு சட்டம் அமரப் பக்கம் என்று மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒட்டி முடித்ததும் மேலே ஒரு பலகையும் அளவான பாரமும் வைத்து, கண்ணாடியை விட்டு எடுக்காமல் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

தளமும் உடலும்

எம்டனின் தளம் ஒரே மட்டமாக ஓடாது. அணியத்தில் ஒரு உயரத் தளம், நடுவில் இறங்கிய தளம், அமரத்தில் மறுபடி உயரம். முதலில் நடுத்தளத்தை ஒட்டிவிட்டு, அப்புறம் இரண்டு உயரத் தளங்களையும் ஒட்டுங்கள். தளம் ஒட்டியதும் எலும்புக்கூடு விறைத்துவிடும், முறுக்காது. அதனால்தான் உடலின் பக்கத்தாளுக்கு முன்பே தளம்.

ஒட்டுவதற்கு முன் தாளின் வெட்டு ஓரத்துக்கு எல்லாம் சாம்பல் வண்ணப் பென்சில் தடவுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டால் முடிந்த கப்பல் முழுக்க வெள்ளைக் கோடு ஓடும், அப்போது பென்சில் எட்டாது.

இப்போது பக்கத்தாள். கப்பல் கட்டுவதில் எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான். தாளுக்கு நார் ஓடும் திசை என்று ஒன்று உண்டு. அந்தத் திசையோடு சுருட்டினால் இதமாக வளையும், குறுக்கே சுருட்டினால் முறியும். ஒரு சதுரத் துண்டை வெட்டி இரண்டு பக்கமும் வளைத்துப் பார்த்தால் விரலுக்கே தெரியும். உடலின் நீளத் தாளுக்கு நார் கப்பலின் நீளத்தில் ஓட வேண்டும், புகைக்கூண்டுக்கு நார் நட்டுக்குத்தலாக ஓட வேண்டும். அச்சிடக் கொடுக்கும்போதே இதைப் பார்த்துத் தாளைக் கொடுங்கள்.

எம்டனின் அணியம் நீர்மட்டத்தில் முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும், அந்தக் காலத்து இடிமூக்கு. அங்கே இரண்டு பக்கத்தாளும் சேரும் கோடு கத்தி போல இருக்க வேண்டும். தாளை ஒட்டும் முன் உள்ளங்கையில் வைத்து ஒரு வட்டப் பென்சிலால் மெல்ல உருட்டி, கப்பலின் வளைவை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். பசையை நம்பி வளைக்கக் கூடாது. தாள் தானே அந்த வடிவில் நிற்க வேண்டும், பசை அதைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். அணியத்திலிருந்து தொடங்கி மூன்று நான்கு சென்டிமீட்டர் இடதுபக்கம், அதே அளவு வலதுபக்கம் என்று மாறி மாறி முன்னேறுங்கள். ஒரு பக்கத்தை முழுதாக ஒட்டிவிட்டு மறுபக்கம் வந்தால், காயும் பக்கம் இழுத்து உடலே வில்லாக வளையும். எவ்வளவு கவனமாக இருந்தாலும் கடைசியில் அரை மில்லிமீட்டர் கூடும், குறையும். அந்தப் பிசகு அமரத்தில் போய்ச் சேரட்டும், அங்கே யாரும் முதலில் பார்ப்பதில்லை.

எல்லோருக்கும் வரும் குறை ஒன்று உண்டு. ஒட்டிய அன்று உடல் வழவழவென்று இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் சட்டங்களுக்கு நடுவில் தாள் உள்வாங்கி, கோடையில் மெலிந்த மாட்டுக்கு விலா தெரிவது போல வரிவரியாகத் தெரியும். சட்டத்தின் ஓரத்தில் அதிகப் பசை போட்டதுதான் காரணம். இதற்கு நான் கண்ட நல்ல வழி: வெளித்தாளுக்கு முன் வெற்றுத் தாளில் ஒரு உள்ளுடலைத் துண்டு துண்டாக ஒட்டி, காய்ந்ததும் மேடுகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, அதன் மேல் அச்சிட்ட வெளித்தாளைப் போடுவது. வேலை இரட்டிப்பு, ஆனால் முடிவைப் பார்த்தால் தாள் என்றே யாரும் சொல்ல மாட்டார்கள்.

புகைக்கூண்டுகள்

மூன்று. எம்டனின் நிலக்கரி கொதிகலன்கள் 12, அவற்றின் புகை இந்த மூன்றில்தான் போகும். இந்தியப் பெருங்கடலில் திரிந்தபோது துணியாலும் மரத்தாலும் நான்காவதாக ஒரு பொய்ப் புகைக்கூண்டை நிறுத்தி, தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு நான்கு கூண்டுள்ள ஆங்கிலேயக் கப்பல் போலத் தெரியும்படி கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் ஏற்பாடு செய்தார். ஆச்சி சொன்ன எம்டன்தனம் அதுதான். நான்காவதைச் செய்ய ஆசை இருந்தால் ஒட்டாமல் கழற்றி மாட்டும்படி செய்யுங்கள்.

தாளைப் பின்னல் ஊசியில் சுற்றிக் குழலாக்கி, சேரும் கோட்டை அமரப் பக்கம் பார்க்க வையுங்கள். உள்பக்கத்துக்கு முன்பே கறுப்படித்துவிடுங்கள். ஒட்டும் முன் மூன்றையும் நிறுத்தி, கப்பலை மூக்கின் நேரே பிடித்துப் பாருங்கள்: மூன்றும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால் மூன்றும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். அந்தச் சாய்வை ஒரு அட்டைத் துண்டில் வெட்டி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்த்தால் கண்ணை நம்ப வேண்டியதில்லை. கூண்டின் வாயில் பென்சில் கரித்தூளை விரலால் தேய்த்தால் புகை படிந்தது போல இருக்கும். சிறைபிடித்த கப்பல்களின் நிலக்கரியையும் எடுத்து எரித்து ஓடிய கப்பலுக்கு அது பொருத்தம்தான்.

பத்துப் பீரங்கிகள்

10.5 சென்டிமீட்டர் குழல் வாய் கொண்ட பத்துப் பீரங்கிகள். அணியத்தில் பக்கம் பக்கமாக இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு, அமரத்தில் பக்கம் பக்கமாக இரண்டு. இந்த இட அமைப்பால் ஒரு பக்கம் பார்த்துச் சுடும்போது ஐந்துதான் பேசும். 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எதிர்கொண்டபோது, அதனிடம் இருந்தவை 15.2 சென்டிமீட்டர் பீரங்கிகள். எம்டன் அடிபட்டு நார்த் கீலிங் தீவில் கரைதட்டியது.

குழலின் நீளம் வாயளவைப் போல நாற்பது மடங்கு, அதாவது 4.2 மீட்டர். நம் அளவில் 17 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 80 ஜிஎஸ்எம் தாளில் ஒரு முனை அகலமாகவும் மறு முனை குறுகலாகவும் இருக்கும் பட்டை வெட்டி, மெல்லிய கம்பியில் சுற்றி ஒட்டிக் கம்பியை உருவிவிட்டால், அடி தடித்து நுனி மெலிந்த குழல் கிடைக்கும். ஒன்று முடித்து அடுத்தது என்று செய்யாதீர்கள். பத்துக் குழலையும் ஒரு நாள், பத்துக் கேடயத்தையும் ஒரு நாள், பத்துப் பீடத்தையும் ஒரு நாள். முதல் மூன்று மோசமாக வரும் என்பதால் பதின்மூன்று செய்யுங்கள், நல்ல பத்தை எடுத்து, அதிலும் சிறந்த இரண்டை அணியத்தில் வையுங்கள்.

படகுகள், காற்றுக் குழல்கள், தேடுவிளக்குகள் எல்லாம் வரைபடத்தின் எண் வரிசையில் போனால் சங்கடம் இல்லை. ஒரே விதி: நடுவிலிருந்து வெளியே, கீழிருந்து மேலே. ஓரத்தில் முதலில் ஒட்டினால் உள்ளே வேலை செய்யும்போது கை பட்டு ஒடியும். கம்பி வேலியை அதனால்தான் கடைசிக்கு வைக்க வேண்டும். வேலியின் உயரம் நம் அளவில் 4 மில்லிமீட்டர். ஒரு அட்டைச் சட்டத்தில் நூலை மூன்று வரிசை இழுத்துக் கட்டி, குறுக்கே நூல் துண்டுகளை வைத்து, தண்ணீர் கலந்த பெவிகாலைத் தூரிகையால் தடவிக் காயவிட்டு, சாம்பல் அடித்து வெட்டினால் வேலி தயார்.

பாய்மரமும் நூலும்

இரண்டு மரங்கள். தென்னை ஈர்க்கைப் போல இதற்கு வாய்த்த பொருள் இல்லை: அடி தடிப்பு, நுனி மெலிவு, இயற்கையே சீவிக் கொடுத்திருக்கிறது. புதுத் துடைப்பத்திலிருந்து நேரான ஈர்க்காகப் பத்து எடுத்து, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வளையும். பிளேடு முனையால் மேல் தோலைச் சுரண்டி, உப்புத்தாளில் உருட்டினால் வட்டமாகிவிடும். தளத்தில் மரம் நிற்கும் ஓட்டையைக் கீழே இருக்கும் நீளச் சட்டம் வரை இறக்குங்கள், மேல்தாளில் மட்டும் ஒட்டினால் நூலின் இழுப்புக்குச் சாயும்.

நூலுக்குத் தேன்மெழுகு தடவி விரலால் இழுத்தால் பிசிறு படிந்துவிடும். முதலில் மரத்தைப் பின்னால் இழுக்கும் கயிறு, அப்புறம் முன்னால் இழுப்பது, அப்புறம் பக்கக் கயிறுகள். ஒவ்வொன்று கட்டியதும் மரம் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மழைக்காலத்தில் நூலும் தாளும் வேறு வேறாக நீளும், சுருங்கும், இறுக்கம் இருந்தால் மரம் முறியும்.

கொடி வெள்ளைத் துணியில் கறுப்புச் சிலுவை, நடுவில் கழுகு, மேல் மூலையில் கறுப்பு வெள்ளை சிவப்புப் பட்டை. மெல்லிய தாளில் அச்சிட்டு, இரண்டு பக்கமும் மடித்து நூலில் ஒட்டி, பசை ஈரமாக இருக்கும்போதே பென்சிலில் அலை அலையாக வளைத்துவிடுங்கள்.

வைக்கும் இடம்

கண்ணாடிப் பெட்டி கட்டாயம். திறந்த அலமாரியில் ஒரே மாதத்தில் தூசி நூலில் ஏறி, துடைக்கப் போனால் வேலி வந்துவிடும். கடைகளில் ஐந்து பக்கக் கண்ணாடி வெட்டி ஒட்டிக் கொடுப்பார்கள், கப்பலைவிட எல்லாப் பக்கமும் 4 சென்டிமீட்டர் கூடுதலாக அளவு கொடுங்கள். பெட்டிக்குள் மூலையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. பாச்சை உருண்டையைத் துணியில் கட்டி அடியில் மறைவாக வையுங்கள், கரைந்ததும் மாற்றுங்கள். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே வைக்காதீர்கள், ஒரு கோடையிலேயே சாம்பல் வெளிறிவிடும். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கம் வீடு என்றால் உப்புக் காற்றில் ஈரம் அதிகம், பெட்டியின் அடி விளிம்பில் ஒரு வெல்வெட் பட்டை ஒட்டி இடுக்கை அடைத்துவிடுங்கள்.